இழுவை ஏற்றியவன்

பழைய டீசல் வண்டிக்கு இழுவை ஏற்றிக் கொடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவன் நான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். இருபது வருஷமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். கை நன்றாகவே ஓடும். வாய் அதைவிட அதிகம் ஓடும். என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்ததும் நான்தானோ என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

அக்காவின் பிக்கப் வண்டி என் ஷெட்டுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அக்காவுக்குச் சிமெண்ட், கம்பி, ஆணி விற்கிற கடை. அங்கே முதலாளியும் அவளே, கணக்குப்பிள்ளையும் அவளே, தெருமுனை வரை கேட்கிற குரலும் அவளுடையதே. கடைக்கு இருக்கிற ஒரே வண்டி இந்த பிக்கப். வயது இருபத்திரண்டு. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டின் மேல்தான் இப்போது புது வீடுகள் முளைக்கின்றன. கடையின் பாதிச் சரக்கு அங்கேதான் போகிறது. முன்பு முப்பது மூட்டை சிமெண்டோடு அந்த மேட்டை இரண்டாவது கியரில் ஏறிய வண்டி, எட்டு மாதமாகப் பதினைந்து மூட்டைக்கே முதல் கியரில் முனகிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு, புது வண்டி வாங்குறதெல்லாம் ஆகுற காரியமில்ல," என்றாள் அக்கா. "என்ன பண்ணுவியோ தெரியாது, இன்ஜின் பவரை ஏத்திக் குடு. அந்த மனுஷன் கெடுத்து வச்சதை நீதான் சரி பண்ணணும்."

அந்த மனுஷன் என்றால் அவள் புருஷன், என் அத்தான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர். அவர் கியர் மாற்றுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது, அவ்வளவு பூவாட்டம் மாற்றுவார். வாய்தான் கிடையாது. எங்கள் வீட்டில் வாய் இல்லாதவனுக்கு மூளையும் இல்லை என்று ஒரு கணக்கு உண்டு. வண்டி இழுக்கவில்லை என்றதும் முதலில் கிளட்ச்சின் மேலேயே கால் வைத்து ஓட்டுகிறார் என்றோம். அப்புறம் பயந்து பயந்து ஓட்டுகிறார், வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். மூன்று மாதம் முன்பு அக்கா அவரிடமிருந்து சாவியை வாங்கி ஒரு புது டிரைவரிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அத்தான் கடையின் மூலையில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து ஆணி நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம், "என்னண்ணே, வண்டிக்குப் போகலையா?" என்று கேட்பான். அவர் தராசைப் பார்த்தபடி, "இப்ப இங்கதான்," என்பார்.

புது டிரைவர் ஓட்டியும் வண்டி இழுக்கவில்லை. அப்போதாவது யாருக்காவது ஓர் எண்ணம் தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. "இத்தனை வருஷமா கெடுத்ததை அவன் ஒருத்தன் வந்து என்ன பண்ணுவான்," என்று அக்கா அதையும் அத்தான் தலையிலேயே கட்டிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஷெட்டில் ஏற்றியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பவர் ஏற்றுவது என்றால் எனக்குத் தீபாராதனை காட்டுவது மாதிரி. வரிசை மாறக் கூடாது. முதல் நாள் ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. அத்தான் போன வாரம்தான் உதறித் தட்டி வைத்தாராம், சாவி பறிபோன பிறகும். இரண்டாம் நாள் நாலு நாசிலையும் கழற்றி டீசல் அடிக்கிற விதத்தைப் பார்த்தேன். நாலும் பனி மாதிரி அடித்தது. மூன்றாம் நாள் டேப்பெட் இடைவெளி, கம்ப்ரஷன், டைமிங். ஒன்றிலும் ஒரு குறை இல்லை. இருபத்திரண்டு வயது இன்ஜின் மாதிரியே தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் போல யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்த இன்ஜின் அது. எனக்கு எரிச்சல் வந்தது. நோயே இல்லாத நோயாளியை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வான்?

மிச்சம் இருந்தது டீசல் பம்ப். அதில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் இன்ஜினுக்கு டீசல் கூடுதலாகப் போகும், வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு பறக்கும், ஆறு மாதத்தில் பிஸ்டன் வெந்துபோகும். அதில் கை வைப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் பம்பில் இருக்கிற லிவர் கடைசி வரை போகிறதா என்று. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பத்து பைசா வேலை என்று விட்டுவிட்டேன். பெடலின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு முன்பக்கம் வந்து பார்த்தால், லிவர் பாதி தூரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுகொண்டிருந்தது. மிச்ச தூரம் சும்மா காலியாகக் கிடந்தது.

திரும்பிப் போய் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பெடலுக்கு அடியில் தரைத் தகட்டில் ஒரு போல்ட். பெடல் அளவுக்கு மேல் போய் கேபிளை அறுத்துவிடாமல் தடுக்கிற போல்ட். அது இருக்க வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு உயரத்தில் இருக்கக் கூடாது. பெடல் அதன் தலையில் முட்டி, தரைக்கு மூன்று விரல் முன்பே நின்றுவிட்டது. போல்ட்டின் தலையில் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு.

நான் முடுக்குகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெள்ளைக் கோடு போடுவேன். என் வேலை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று ஆரம்பித்த பழக்கம். தெரிந்துவிட்டது.

எட்டு மாதம் முன்பு அந்த வண்டியின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தது. அந்த மாடல் கேபிள் கிடைக்காமல் வேறு வண்டியின் கேபிளை மாட்டினேன். அது அறுந்துவிடக் கூடாதே என்று போல்ட்டை முதலில் நன்றாக ஏற்றி வைத்தேன். பம்ப் பக்கம் கேபிளைச் சரி செய்த பிறகு போல்ட்டை இறக்க வேண்டும். அப்போது ஒரு லாரிக்காரர் வந்தார். அவரிடம் நான் எத்தனை இன்ஜினுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன் என்று முக்கால் மணி நேரம் அளந்தேன். அவர் போனதும் கோட்டைப் போட்டு வண்டியை அனுப்பிவிட்டேன்.

இது மட்டும் என்றால் ஒரு மறதி என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் கேபிள் மாட்டிய மூன்றாம் நாளே அத்தான் என் ஷெட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, நான் வேலையை முடிக்கும் வரை காத்திருந்து சொன்னார்: "மாப்ள, பெடல் முன்ன மாதிரி உள்ள போகல. சீக்கிரமே முட்டுது."

நான் எழுந்துகூட பார்க்கவில்லை. "புது கேபிள்னா அப்படித்தான் இருக்கும் அத்தான். குறை பெடல்ல இல்ல, உங்க கால்ல," என்றேன். ஷெட்டில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அதைப் போய் அக்காவிடமும் சொன்னேன். அது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. அத்தான் காபி டம்ளரைத் தட்டிவிட்டாலும், "குறை டம்ளர்ல இல்ல," என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

டேஷ்போர்டுக்குக் கீழே, ஹேண்ட் பிரேக் கம்பி விலாவில் குத்த, நான் கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். வெளியே வர வெட்கமாக இருந்தது. ஷெட்டில் ஒரு ஈ காக்கா கிடையாது. யாரைப் பார்த்து வெட்கம் என்று கேட்டால், வண்டியைப் பார்த்துத்தான்.

போல்ட்டை இறக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்து ஒரு சுற்று ஓட்டினேன். வண்டி பறந்தது.

கடைக்கு ஓட்டிப் போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அக்கா, தப்பு என்னுது. மூன்றே வார்த்தை. ஆனால் அங்கே போனால் அக்கா ஏற்கெனவே முப்பது மூட்டையை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். புது டிரைவர் ஏற்றினான், மேட்டுக்குப் போனான், போன வேகத்தில் திரும்பி வந்தான். இறங்கும்போதே, "அம்மா, செகண்ட் கியர்லயே ஏறிடுச்சு! டாக்டர் புது இன்ஜினே வச்சுட்டாரு போல!" என்று கத்தினான். கடையில் ஏழெட்டு பேர் இருந்தார்கள். அக்கா என் தலையைப் பிடித்துத் திருஷ்டி கழிக்கிற மாதிரி விரலை முறித்தாள்.

"அப்படி என்னடா பண்ணே?"

வாய் திறந்தேன். "பம்பைக் கொஞ்சம் ட்யூன் பண்ணேன்," என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அதோடு நின்றதா? காற்று அளவு, டீசல் அளவு, ஸ்பிரே கோணம் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். மூலையில் அத்தான் ஆணிப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரம் ஷெட்டுக்கு மூன்று கிழட்டு வண்டிகள் வந்தன. "அந்த சிமெண்ட் கடை பிக்கப்புக்குப் பண்ணீங்களே, அதை எனக்கும் பண்ணுங்க," என்றார்கள். சாப்பாட்டில் கை வைத்தால் இறங்கவில்லை. பெண்டாட்டி என்னவென்று கேட்டாள், அவளிடமும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வாரம் போனால் சரியாகிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்கிற என்னைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். அத்தான் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து, தோளில் கை வைத்து, கம்பி அடுக்கி வைத்திருக்கிற பக்கம் கூட்டிப்போனார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கத்தான்."

"நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லிக் குடு. கிளட்ச்சா, கியரா? ராத்திரி பூரா யோசிக்கிறேன், பிடிபடவே மாட்டேங்குது. இனிமே எனக்கு அந்த வண்டி கிடைக்காது, அது தெரியும். இருந்தாலும் தெரிஞ்சுக்கணும்ல? பத்தொம்போது வருஷம் நல்லாத்தான் ஓட்டுறேன்னு நெனச்சுட்டு இருந்துட்டேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அக்கா, புது டிரைவர், சிமெண்ட் வாங்க வந்த ஒரு கொத்தனார், எல்லாரும் இருந்தார்கள்.

"அக்கா, அத்தான் மேல ஒரு தப்பும் இல்ல," என்றேன். "கேபிள் மாத்தினப்ப பெடலுக்கு அடியில இருக்கிற போல்ட்டை ஏத்தி வச்சுட்டு இறக்க மறந்துட்டேன். பெடல் பாதியோட நின்னுச்சு. அத்தான் அப்பவே வந்து சொன்னாரு, நான் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். பம்பை நான் தொடவே இல்ல. போல்ட்டை இறக்கினேன், அவ்வளவுதான்."

அப்புறம் அக்காவின் கண் கலங்கியது.

"பாத்தீங்களா," என்றாள் அத்தானைப் பார்த்து. "நீங்க தலை குனியக் கூடாதுன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறான். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும்?"

"டாக்டர் மனசு தங்கம்," என்றான் புது டிரைவர். கொத்தனார் மெதுவாகத் தலையாட்டினார்.

அத்தான் என் கையை இறுக்கிப் பிடித்தார். "வேணாம் மாப்ள. எனக்காக நீ ஏன் கெட்ட பேர் வாங்கணும்? ஒரு போல்ட்டை மறக்கிற ஆளா நீ? நான் அப்ப என்னமோ உளறினேன், அதைப் போய் ஞாபகம் வச்சிருக்க."

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நொடி எனக்கு அது இனித்தது. சொல்லியும் ஆயிற்று, பெயரும் கெடவில்லை, இதோடு விட்டுவிடலாம் என்று உள்ளே ஒருவன் சொன்னான். என் இருபது வருஷத் தொழிலில் நான் செய்த தப்புகளை வரிசையாக வைத்தால், அந்த ஒரு நொடிதான் முதலில் நிற்கும்.

"ஸ்பேனர் எடுங்கடா," என்று கத்தினேன். யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். வாசலில் நின்ற வண்டிக்குள் தலைகீழாக நுழைந்து போல்ட்டைப் பழையபடி ஏற்றினேன். பதினைந்து மூட்டை ஏற்றச் சொன்னேன். புது டிரைவரை உட்கார வைத்து, அக்காவையும் அத்தானையும் வாசலிலேயே நிற்கச் சொல்லி, கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த மேட்டில் ஏற்று என்றேன். இத்தனை நாள் முப்பது மூட்டையோடு ஏறிய வண்டி, பாதிச் சுமையோடு பாதி மேட்டில் திணறி, முதல் கியருக்கு இறங்கி, ஊர்ந்தது. ஒரு சைக்கிள்காரன் தள்ளிக்கொண்டே அதைத் தாண்டிப் போனான்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. வண்டி திரும்பி வந்ததும் அவளே குனிந்து பெடலுக்கு அடியில் பார்த்தாள். வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டாள். நிமிர்ந்து என்னைத் திட்டினாள் பாருங்கள், பிறந்ததிலிருந்து அப்படித் திட்டு வாங்கியதில்லை. தொழில் தெரிந்தவனா நீ, மனுஷனா நீ, மூணு மாசம் அந்த மனுஷனை மூலையில உக்கார வச்சியே என்று கேட்டாள். எனக்கு அது வெந்நீர் ஒத்தடம் மாதிரி இருந்தது. திட்டிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். "நானும் சேந்துதானே சிரிச்சேன்," என்றாள்.

புது டிரைவர் தானாகவே சாவியை எடுத்து அத்தான் கையில் வைத்தான். அத்தான் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படுவார், ஒரு அறையாவது விடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். "அப்ப சரி," என்றார். பாதி கட்டிய ஆணிப் பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை போல்ட்டை இறக்கி, பெடல் தரை வரை போவதை அவர் கையாலேயே அழுத்திப் பார்க்க வைத்தேன். முப்பது மூட்டை ஏற்றினோம். அக்கா வாசல் வரை வந்து, "மெதுவா போங்க," என்று சொல்லவந்து, "நல்லா போங்க," என்று மாற்றிச் சொன்னாள். நான் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடைத்தெருவில் நன்றாகத்தான் ஓட்டினார். கியர் மாறுவது தெரியவில்லை. வளைவில் ஒரு மூட்டைகூட அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேடு ஆரம்பித்தது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தார். வண்டி கொஞ்ச தூரம் ஏறி, இரைச்சல் குறைந்து, தளர ஆரம்பித்தது.

"மிதிங்கத்தான்," என்றேன்.

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் மிதிக்கலாம்."

"இல்ல மாப்ள. முட்டுது."

குனிந்து பார்த்தேன். அவர் கெண்டைக்கால் விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. எதையோ எதிர்த்துத் தன் முழு பலத்தையும் போட்டு அழுத்துகிறவன் கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பெடல் எட்டு மாதமாக முட்டிய அதே இடத்தில், பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"முட்டலத்தான். கீழ எடம் இருக்கு, சத்தியமா இருக்கு."

"எனக்குத் தெரியுது மாப்ள, முட்டுது," என்றார். பொய் சொல்லவில்லை. முதல் கியருக்கு இறங்கினார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவர் வழிவிட வலது கையை வெளியே நீட்டுகிற மாதிரி ஒரு முறை பதறி, பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்க மாப்ள," என்றார், என்னிடம்.

அவர் முழங்காலில் கை வைத்து நானே அழுத்திவிடலாமா என்று நினைத்தேன். நீட்டிய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.